வார்ப்புருவும் ஒரு பனுவலே: சொற்செயலிகளின் ஆவண வார்ப்புருக்கள் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

சொற்செயலியைத் திறந்தவுடன் கண்ணில் படுவது வெற்றுத்தாள் என்றே நாம் எண்ணுகிறோம். அது வெற்றுத்தாள் அன்று. தாளின் அளவு, ஓரங்களின் அகலம், எழுத்துரு, வரிகளுக்கு இடையே உள்ள இடைவெளி, தலைப்புகளின் படிநிலை, ஆவணத்தின் மொழி ஆகிய அனைத்தும், எழுதுபவர் ஒரு சொல்லை இடுவதற்கு முன்னரே அங்கு முடிவு செய்யப்பட்டுள்ளன. மைக்ரோசாஃப்ட் வேர்டில் 'நார்மல்' என்னும் அடிப்படை வார்ப்புரு இம்முடிவுகளைத் தாங்கி நிற்கிறது. லிபரே ஆஃபிஸ் ரைட்டரிலும் இத்தகைய இயல்பு வார்ப்புரு உண்டு. இவற்றின் மேல் கடிதம், தன்விவரக் குறிப்பு, அழைப்பிதழ், சான்றிதழ், செய்திமடல், கூட்டக் குறிப்பு எனப் பல்வகை ஆயத்த வார்ப்புருக்கள் கிடைக்கின்றன.

தமிழ்க் கணிமை பற்றிய ஆய்வுகள் குறியாக்கம், எழுத்துரு, விசைப்பலகை ஆகியவற்றில் பெருங்கவனம் செலுத்தியுள்ளன. 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் நடந்த மாநாடுகளும், 2000இல் தோன்றிய உத்தமம் அமைப்பும் இத்துறையில் ஆற்றிய பணி நாம் அறிந்ததே. அதன் பயனாக, தமிழ் எழுத்தைக் கணினியில் உள்ளிடும் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. அவ்வெழுத்து சென்று அமரும் வடிவத்தைப் பற்றி நாம் அந்த அளவுக்குச் சிந்திக்கவில்லை.

வார்ப்புருவுக்கு ஓர் ஆசிரியர் உண்டு. அவர் மனத்தில் கொண்ட பயனர் உண்டு. அவர் எடுத்துக்கொண்ட மரபு உண்டு. ஆகவே அதுவும் ஒரு பனுவலே; ஏனைய பனுவல்களைப் போலப் படித்துக் குறைநிறை கூறத்தக்கது. இதுவே இக்கட்டுரையின் கருத்து. தாய்நிலத்துக்கு வெளியே வாழும் தமிழர்க்கு இது வெறும் அழகியல் வினா அன்று. வார இறுதித் தமிழ்ப்பள்ளி, கோயில் நிருவாகம், நூலகம், முதியோர் சங்கம் ஆகியவற்றின் எழுத்துப் பணி முழுவதும் தன்னார்வலர் கைகளில், அன்றாடச் சொற்செயலிகளில்தான் நடைபெறுகிறது. அங்குத் தமிழ் ஆவண மொழியாக நிலைக்குமா என்பதை முடிவு செய்வதில் வார்ப்புருவுக்குப் பெரும்பங்கு உண்டு.

1. மரபில் வார்ப்புரு

முன்னமைந்த வடிவத்தில் செய்தியை நிரப்புதல் தமிழுக்குப் புதிதன்று. முதலாம் இராசராசன் (985–1014) காலம் தொட்டுச் சோழர் கல்வெட்டுகளின் தலைப்பில் மெய்க்கீர்த்தி இடம்பெறுகிறது. அது ஒரு நிலைத்த பகுதி. வேந்தனின் வெற்றிகள் கூடக்கூட அதுவும் நீண்டது. அதனைத் தொடர்ந்து ஆட்சியாண்டு, நாடு, ஊர், கொடையாளர், கொடை, அதன் நிபந்தனை ஆகியன வந்து, அறத்தைக் காப்பார்க்குரிய சொற்களோடு ஆவணம் நிறைவுறும். எது மாறாதது, எது மாறுவது என்பதைக் கல்லில் வெட்டியோர் தெளிவாக அறிந்திருந்தனர்.

பாட்டியல் நூல்கள் இவ்வறிவை இலக்கியத்துக்கு விதியாக்கின. பிள்ளைத்தமிழ் என்றால் பத்துப் பருவம். அவற்றுள் முதல் ஏழு பொது. இறுதி மூன்று ஆண்பாற்கும் பெண்பாற்கும் வேறு. இங்கு வடிவம் கட்டுப்பாடு. ஆயினும் எண்ணற்ற புலவர்க்கு அது இடமும் தந்தது.

நன்னூலின் பொதுப்பாயிரம் இன்னும் நெருக்கமான சான்றாகும். ஒரு நூலின் சிறப்புப்பாயிரம் எவற்றைச் சொல்ல வேண்டும் என்று பவணந்தியார் வரையறுக்கிறார்: ஆசிரியர் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, பொருள், கேட்போர், பயன் என எட்டு. காலம், அரங்கேறிய களம், எழுதிய காரணம் ஆகிய மூன்றையும் சேர்ப்பாரும் உண்டு. இன்றைய சொற்செயலிக் கோப்பு ஒவ்வொன்றினுள்ளும் ஆவணத்தைப் பற்றிய விவரங்களுக்கெனத் தனிப்பகுதி இருக்கிறது. வேர்ட் கோப்பின் அப்பகுதி, 1995இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து டப்ளின் நகரில் தொடங்கிய 'டப்ளின் கோர்' முறையின் சொற்களைப் பயன்படுத்துகிறது: ஆக்கியவர், தலைப்பு, பொருள், விளக்கம். ஆக்கியோனும் நூற்பெயரும் நுதலிய பொருளும் அதில் உண்டு. கேட்போரும் பயனும் அதில் இல்லை. யாருக்காக, எதற்காக என்னும் இரு வினாக்களையும் ஆவணத்தின் தலைவாயிலிலேயே நிறுத்திய மரபு நம்முடையது. அந்நிலையிலிருந்தே இன்றைய வார்ப்புருக்களை நோக்க வேண்டும்.

2. இரண்டாம் பெட்டியில் தமிழ்

சொற்செயலியின் வார்ப்புரு என்பது அடிப்படையில் பாணிகளின் தொகுப்பாகும். தலைப்பு, துணைத்தலைப்பு, உடற்பகுதி, மேற்கோள், அடிக்குறிப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு பாணி வரையறுக்கப்படும். பாணியை மாற்றினால் அதனை ஏற்ற பகுதிகள் அனைத்தும் ஒருங்கே மாறும். பொருளடக்கம் தானே உருவாவதும், பார்வையற்றோர் திரைப்படிப்பான் கொண்டு தலைப்புக்குத் தலைப்பு தாவுவதும் பாணிகளின் துணையால்தான். வார்ப்புருவின் உண்மையான மதிப்பு இங்குதான் உள்ளது. அட்டைப்படத்திலும் வண்ணத்திலும் இல்லை.

ஆனால் பாணியின் உள்ளே நுழைந்தால் தமிழ் இரண்டாம் பெட்டியில் இருப்பதைக் காணலாம். வேர்டின் எழுத்துரு அமைப்பில் இலத்தீன் எழுத்துக்கு ஓரிடமும், 'சிக்கலான வரிவடிவங்கள்' என்னும் பிரிவுக்கு வேறோர் இடமும் உண்டு. எழுத்தளவும் தடிப்பும்கூடத் தனித்தனியே பதியப்படுகின்றன. லிபரே ஆஃபிஸிலும் மேலை மொழிகள், ஆசிய மொழிகள், சிக்கலான வரிவடிவ மொழிகள் என மூன்று பிரிவுகள். தமிழ் இறுதிப் பிரிவைச் சார்ந்தது. மொழி அமைப்பில் அப்பிரிவை இயக்கினாலன்றி அதற்குரிய பெட்டி கண்ணுக்கே தெரியாது. வார்ப்புருவை ஆக்குபவர் முதற்பெட்டியில் தலைப்பின் அளவை 16 என மாற்றி, இரண்டாம் பெட்டியைத் தொடாமல் விட்டால், ஆங்கிலத் தலைப்பு பெரிதாகும். தமிழ்த் தலைப்பு பழைய அளவிலேயே நிற்கும். பயனர் அதனைத் தம் பிழை எனக் கருதி, ஒவ்வொரு தலைப்பையும் கையால் பெரிதாக்குவார். அக்கணத்தில் பாணி பயனற்றுப் போகிறது.

ஆபிஸ் 2007 முதல் வரும் இயல்பு ஒப்பனைக் கோப்பைத் திறந்து பார்ப்பின் மற்றொரு செய்தி புலப்படும். அதில் தலைப்புக்கு ஓர் எழுத்துருவும் உடற்பகுதிக்கு வேறோர் எழுத்துருவும் இணையாக அமைக்கப்பட்டுள்ளன. 2007 பதிப்பில் அவை கேம்பிரியாவும் கலிப்ரியும் ஆகும். பிற வரிவடிவங்களுக்கெனத் தொடரும் பட்டியலில் தமிழுக்கு ஒரே வரி. இரண்டு இடத்திலும் லதா. தலைப்புக்கும் உடலுக்கும் வேறுபாடு காட்டுதல் ஆங்கிலத்தில் வடிவமைப்பாளரின் சிந்தனைக்கு உரியதாயிற்று. தமிழில் எழுத்து உடையாமல் தெரிந்தால் போதும் எனக் கருதப்பட்டது. லதா எழுத்துருவுக்கு இயல்பு, தடிப்பு ஆகிய இரு வடிவங்களே உண்டு. சாய்வு வடிவம் இல்லை. மேற்கோளைச் சாய்வெழுத்தில் அமைக்கும் வார்ப்புருவில் மென்பொருள் தமிழெழுத்தைச் செயற்கையாகச் சரித்துக் காட்டுகிறது. ஆங்கிலத் தலைப்புகளின் படிநிலையைப் பெரிய எழுத்துகளால் உணர்த்தும் வார்ப்புருக்களும் பல. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடே இல்லாத தமிழில் அப்படிநிலை சுவடின்றி மறைகிறது.

பட்டியல் எண்களின் நிலையும் இதுவே. வேர்டின் கோப்பு வடிவம் 2008இல் ஐ.எஸ்.ஓ. 29500 என்னும் பன்னாட்டுத் தரமாயிற்று. அத்தரம் ஏற்கும் எண்முறைகளுள் இந்தி உயிரெழுத்துகளும் மெய்யெழுத்துகளும் உண்டு. தாய்லாந்து எழுத்துகள் உண்டு. எபிரேய, அரபு முறைகள் உண்டு. அ, ஆ, இ என்னும் தமிழ் வரிசை இல்லை. தேர்வுத்தாள் ஆக்கும் தமிழாசிரியர் அவ்வரிசையைக் கையால் இடுகிறார்; நடுவில் ஒரு வினாவைச் சேர்த்தால் எல்லாவற்றையும் மீண்டும் திருத்துகிறார். இதனைப் பகைமை என்று கொள்ள வேண்டியதில்லை. கேட்பதற்கு ஆளில்லாத இடத்தில் ஏற்பட்ட விடுபாடு என்பதே பொருந்தும்.

3. வெற்றிடத்தின் இலக்கணம்

வார்ப்புருவில் நிரப்புவதற்கென விடப்பட்ட இடம் வெறும் இடைவெளி அன்று; அதற்கு இலக்கணம் உண்டு. ஆங்கிலச் சான்றிதழில் பெயர் எந்த இடத்தில் வந்தாலும் உருமாறுவதில்லை. தமிழில் பெயர் வேற்றுமை ஏற்கும். முருகன் முருகனுக்கு ஆவான், வள்ளி வள்ளிக்கு ஆவாள், கவிதா கவிதாவுக்கு, சுந்தரம் சுந்தரத்திற்கு. சாரியையும் உடம்படுமெய்யும் பெயரின் ஈற்றைப் பொறுத்து மாறுகின்றன. இதனைக் கருதாமல் ஆங்கில வாசகத்தை அப்படியே பெயர்த்தால், "இச்சான்றிதழ் ……… க்கு வழங்கப்படுகிறது" என்னும் தொடர் பிறக்கிறது. புள்ளிகளுக்குப் பின்னே ஒட்டுவதற்கு இடமின்றி நிற்கும் அந்தக் 'க்கு' நம் சான்றிதழ்கள் பலவற்றில் காணக்கூடியதே. பெயர்ப்பட்டியலை இணைத்து நூறு சான்றிதழை ஒருங்கே அச்சிடும்போது "சுந்தரம் க்கு" என நூறு முறை பிழை விழுகிறது. தமிழ் கற்றதற்காக வழங்கப்படும் சான்றிதழிலேயே தமிழ் பிழைபடுவது சிறு குறை அன்று.

இதற்குத் தீர்வு மென்பொருளில் இல்லை, தொடரமைப்பில் உள்ளது. பெயரை எழுவாயாக்கினால் சிக்கல் தீரும்: "செல்வி கவிதா ஐந்தாம் நிலைத் தேர்வில் தேறியுள்ளார்." பெரியோர்க்காயின் 'அவர்களுக்கு' என்னும் சொல் பெயருக்கும் உருபுக்கும் நடுவே நின்று மதிப்பையும் தரும், புணர்ச்சிச் சிக்கலையும் நீக்கும். வார்ப்புரு எழுதுவதற்கு இலக்கணப் புலமை வேண்டும் என்பதற்கு இதனினும் எளிய சான்று இல்லை.

பெயரின் அமைப்பே மற்றொரு சிக்கல். வேர்டின் முகவரிப் பட்டியல் பட்டம், முதற்பெயர், இறுதிப்பெயர் எனத் தொடங்குகிறது. விளி வாசகம் 'அன்புள்ள' என்பதன் பின் பட்டத்தையும் இறுதிப்பெயரையும் சேர்ப்பதையே முன்மாதிரியாகக் காட்டுகிறது. கனடாவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் வாழும் தமிழர் பலர்க்குத் தந்தையின் இயற்பெயரே இறுதிப்பெயராகப் பதிவாகியுள்ளது. முருகேசன் மகள் கவிதாவுக்குச் செல்லும் மடல் "அன்புள்ள செல்வி முருகேசன்" எனத் தொடங்கும். மடல் மகளுக்கு, விளிக்கப்படுபவர் தந்தை. மலேசியாவில் 'ஏ/எல்', 'ஏ/பி' என்னும் மலாய்ச் சுருக்கங்கள் மகன், மகள் என்னும் உறவை வெளிப்படையாகவே பெயருக்குள் வைத்துள்ளன. இருபுலப் பட்டியலில் அச்சுருக்கத்தை எங்கே இடுவது என்பதற்கு விடை இல்லை. தமிழ் அமைப்புகள் தம் உறுப்பினர்க்கு எழுதும் மடலிலேனும் 'அழைக்கும் பெயர்', 'தந்தை அல்லது தாய் பெயர்', 'அரசு ஆவணப்படி முழுப்பெயர்' என மூன்று புலங்களை வைக்கலாம். மென்பொருள் இதனைத் தடுப்பதில்லை. முகவரிப் பட்டியலின் புலங்களை மாற்றிக்கொள்ள அது வழி தருகிறது. அவ்வழியை நாம் நாடுவதில்லை என்பதே குறை.

4. சென்ற ஆண்டுக் கோப்பு

இவ்வளவு இடர்ப்பாடுகளுக்கு நடுவே தமிழ் அமைப்புகள் எவ்வாறு செயல்படுகின்றன? அவை வார்ப்புருவைப் பயன்படுத்துவதில்லை. சென்ற ஆண்டுக் கோப்பைப் பயன்படுத்துகின்றன. பொங்கல் விழா அழைப்பிதழ் வேண்டுமாயின் கடந்த பொங்கலின் கோப்பைத் திறந்து, நாளையும் விருந்தினர் பெயரையும் மாற்றி, வேறு பெயரில் சேமிக்கின்றனர். பயிற்சி நூல்கள் இவ்வழக்கத்தைக் கண்டிக்கும். உண்மையான வார்ப்புருவைத் திறந்தால் பெயரிடாத புதிய ஆவணம் தோன்றும், மூலம் கெடாது. பழைய கோப்பைத் திறந்தாலோ, வேறு பெயரில் சேமிக்க மறந்த நொடியில் சென்ற ஆண்டு அழிந்துபோகும். மாற்றாமல் விட்ட நாளும், மறைந்த புரவலரின் பெயரும் புதிய ஆவணத்தில் தொடர்ந்து வரும்.

எனினும் இப்பழக்கத்தை அறியாமை எனத் தள்ளுதல் நேர்மையான திறனாய்வு ஆகாது. தன்னார்வலர் பழைய கோப்பை நாடுவதற்குத் தக்க காரணம் உண்டு. மென்பொருள் தரும் வார்ப்புருவில் தமிழ் இல்லை. பழைய கோப்பில் இருக்கிறது. "அன்புடையீர்" என்னும் விளி, இறைவணக்கம் அல்லது தமிழ்த்தாய் வாழ்த்து தொடங்கி நன்றியுரை வரை செல்லும் நிகழ்ச்சி நிரல், திருவள்ளுவர் ஆண்டு, பெயர்களை அடுக்கும் முறையில் அடங்கிய முதன்மை வரிசை ஆகிய அனைத்தும் அதில் அமைந்துள்ளன. ஓர் இளைஞர் முதன்முறையாகச் செயலாளர் பொறுப்பேற்று, தாம் பேசும் தமிழை எழுதும் தமிழாக்க வேண்டிய நிலையில், அவருக்குக் கிடைக்கும் ஒரே ஆசான் அக்கோப்புதான். உண்மையில் அதுவே புலம்பெயர் தமிழின் வார்ப்புரு. ஆனால் எழுதப்படாத, பெயரிடப்படாத, திருத்தப்படாத வார்ப்புரு.

அதன் குறைகளும் அங்கிருந்தே பிறக்கின்றன. ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருவில் அமைந்த கோப்பு ஒன்றின் மேல் ஆண்டுதோறும் புதுச்சொற்கள் ஏறிக்கொண்டே இருக்கும். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற இலத்தீன் எழுத்துகளாய்த் தோன்றும். தேடினால் ஒரு சொல்லும் அகப்படாது. ஒருங்குறியில் அமைந்த கோப்பிலும் மொழி ஆங்கிலம் எனக் குறிக்கப்பட்டிருப்பின் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லும் சிவப்புக் கோட்டால் பிழை எனச் சுட்டப்படலாம். தலைப்புகள் பாணியின்றிக் கையால் பெரிதாக்கப்பட்டிருக்கும். ஆக்கியவர் என்னும் விவரத்தில், பல ஆண்டுகளுக்கு முன் அக்கோப்பை முதலில் உருவாக்கியவரின் பெயர் அப்படியே நிற்கும். வேறு பெயரில் சேமிப்பதால் அது மாறுவதில்லை. பாயிரத்தின் முதல் செய்தியாகிய ஆக்கியோன் பெயரே பொய்த்துவிடுகிறது. நாளை இவ்வமைப்புகளின் வரலாற்றை எழுத முனையும் ஆய்வாளர்க்கு இக்கோப்புகளே மூலச்சான்றுகள் ஆகும் என்பதை எண்ணினால் இழப்பின் அளவு விளங்கும்.

5. இரு மறுப்புகள்

'ஆயத்த வடிவம் நடையைக் கொல்லும். எல்லா மடலும் ஒரே மடலாகும்' என்பர் ஒரு சாரார். இதில் உண்மை இல்லாமல் இல்லை. நம் பள்ளிகள் கற்பிக்கும் விண்ணப்பத்தின் 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள' என்னும் முடிப்பு, குடியேற்ற ஆட்சிக்கால ஆங்கில மடலின் பெயர்ப்பாக வந்து, அந்த ஆட்சி நீங்கிய பின்னும் நீங்காமல் நிற்கிறது. வடிவத்தை ஆராயாது ஏற்றால் அதனுள் உறைந்த அதிகார உறவையும் ஏற்கிறோம். ஆனால் இது வார்ப்புருவை விலக்குவதற்கு உரிய வாதம் அன்று. அதனை அவ்வப்போது படித்துத் திருத்துவதற்கு உரிய வாதமே. பத்துப் பருவம் என்னும் வரையறை பிள்ளைத்தமிழ்ப் புலவரைக் கட்டிவைக்கவில்லை.

'ஆங்கில வார்ப்புருவைத் தமிழில் பெயர்த்தால் போதும்' என்பர் மற்றொரு சாரார். தொங்கும் 'க்கு' இதற்கு விடையாகும். இடைமுகச் சொற்களைப் பெயர்ப்பது ஒரு பணி. அதனைச் செய்தோர் நன்றிக்குரியோர். வார்ப்புருவைப் பெயர்த்தல் அதனின் வேறு. தொடரின் அமைப்பும் விளியும் பெயரின் உறுப்புகளும் வரிசையும் மாறும்போது அது மொழிபெயர்ப்பாக நில்லாது புதிதாய் இயற்றலாகவே முடியும்.

6. செய்யத்தக்கன

ஆய்வுலகத்திலிருந்தே தொடங்கலாம். தமிழ் ஆய்வேடுகளில் மூலம், பதவுரை, பொழிப்புரை, விளக்கம் என்னும் அடுக்கு இன்றியமையாதது. சொற்செயலிகளில் உள்ள 'மேற்கோள்' பாணி இவ்வடுக்குக்குப் போதாது. பாடலின் அடியும் சீரும் பிறழாமல் நிற்க ஒரு பாணி, பதவுரைக்கு ஒன்று, உரையாசிரியர் கூற்றுக்கு ஒன்று எனப் பெயரிட்டு அமைத்த வார்ப்புரு ஒன்று இருப்பின், மாணவர் வெற்றிடங்களைத் தட்டித்தட்டிச் சீர்களை ஒழுங்கு செய்ய வேண்டியதில்லை. பாடலடிகளை மட்டும் தனியே பிரித்தெடுத்து ஆராய்வதும் எளிதாகும். மாநாட்டு மலர்களின் பதிப்பாசிரியர்களும் இதனால் பயன்பெறுவர். கட்டுரையாளர்க்கு 'எழுத்தளவு 12' என அறிவிப்பு விடுவதோடு நில்லாது, இரண்டு பெட்டிகளிலும் தமிழுக்கு உரியன நிரப்பப்பெற்ற கோப்பையே அனுப்புதல் தகும்.

அடுத்து, தமிழ்ப்பள்ளிகளுக்கெனச் சிறு தொகுப்பு வேண்டும்: சான்றிதழ், பெற்றோர்க்கு மடல், தேர்வுத்தாள், கூட்டக் குறிப்பு, விழா அழைப்பிதழ். ஐந்து போதும். ஒவ்வொன்றும் ஒருங்குறியில், மொழி தமிழ் எனக் குறிக்கப்பெற்று, தடையின்றிப் பகிரத்தக்க எழுத்துருவோடு, திறந்த ஆவண வடிவத்திலும் வேர்ட் வடிவத்திலும் அமைய வேண்டும். திறந்த ஆவண வடிவம் 2006இலேயே பன்னாட்டுத் தரமாகிவிட்டது. நாடுதோறும் பெயர்ப்புலங்களும் விளியும் வேறுபடட்டும். அடிப்படைப் பாணிகள் ஒன்றாய் இருக்கட்டும்.

மூன்றாவதாக, ஒவ்வொரு வார்ப்புருவின் விவரப் பகுதியிலும் பாயிரத்தின் எட்டுச் செய்திகளுக்கும் இடம் வைக்கலாம். இவ்விரு மென்பொருள்களும் கூடுதல் விவரப் புலங்களை நாமே அமைக்க இடம் தருகின்றன. ஆக்கியோர், வழி என்னும் இரண்டும், எந்தப் பழைய கோப்பிலிருந்து எவரால் இது பிறந்தது என்பதைக் காக்கும். கேட்போர், பயன் என்னும் இரண்டும், யாருக்காக எழுதுகிறோம் என்பதை எழுதுபவர்க்கு நினைவூட்டும்.

முடிவுரை

வார்ப்புருவை நடுநிலையான கருவியாகக் கருதும்வரை அதன் குறைகள் பயனரின் குறைகளாகவே தோன்றும். பனுவலாகப் படிக்கும்போது, தமிழ் இரண்டாம் பெட்டியில் இருப்பதும், வெற்றிடம் வேற்றுமை அறியாதிருப்பதும், மகளுக்கான மடல் தந்தையை விளிப்பதும் ஆசிரியரின் தெரிவுகளாக விளங்குகின்றன. தெரிவு என அறிந்தபின் வேறு தெரிவைச் செய்ய இயலும். இதற்குப் புதிய மென்பொருள் தேவையில்லை. இலக்கணம் அறிந்தவரும் பாணிகளை அமைக்கத் தெரிந்தவரும் ஒரே மேசையில் அமர்ந்தால் போதும். தன்னார்வலர் கையில் இன்று உள்ள சென்ற ஆண்டுக் கோப்பை எடுத்து, அதிலுள்ள தமிழ் வழக்கைப் போற்றி, பிழையை நீக்கி, பெயரிட்டு, ஆசிரியர் பெயரையும் பொறித்து அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தல் தமிழ் ஆய்வாளர் கடனாகும். திருத்தப்பெற்ற அக்கோப்புகளுக்கு இம்மாநாட்டுத் தொகுதிகளில் நூல் மதிப்புரைக்கு இணையான இடம் அளிக்கப்படின், அது நல்ல தொடக்கமாய் அமையும்.